அரசு இணையதளம் வியாபாரியின் கைக்கு எட்ட வேண்டாமா?



நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து 1977-ல் விருதுநகரில் அப்பாவின் கடையில் உட்கார்ந்தவன். வத்தல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரம். கம்ப்யூட்டரைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று சிலர் நினைக்கலாம். கம்ப்யூட்டரைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதன் முன்னால் உட்கார்ந்து திணறும் வியாபாரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

சென்ற மாதம் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் சரக்கு எடுக்க வந்தார். பதினைந்து வருஷ வாடிக்கை. பில் போட்டு, மூட்டையை வண்டியில் ஏற்றிய பிறகும் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, உங்க பேரன் இருந்தா ஒரு லைசென்ஸ் புதுப்பிக்கணும். மூணு தடவை பிரவுசிங் சென்டருக்குப் போயிட்டேன். ஏற மாட்டேங்குது" என்றார்.

பேரன் பள்ளிக்கூடம் போயிருந்தான். சரி, நாமே பார்ப்போம் என்று நானும் அவரும் கடைக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தோம். எந்தத் துறையின் லைசென்ஸ் என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் இது அந்தத் துறையின் குறையாக மட்டும் போய்விடும். இதே கூத்து பல இடங்களில் நடப்பதை வாசகர்களே அறிவார்கள்.

முதல் தடங்கல் பாஸ்வேர்டு. அது அவருக்குத் தெரியாது. மறந்துவிட்டது என்று அழுத்தினால் ஓ.டி.பி. எண் வருகிறது, ஆனால் அவர் போனுக்கு வரவில்லை. முதன்முதலில் பதிவு செய்து கொடுத்த பிரவுசிங் சென்டர் பையனின் போனுக்குப் போகிறது. அந்தப் பையன் இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான். தேடிப் பிடித்துப் போன் செய்து, அவன் எண்ணைச் சொல்ல, நான் தட்டச்சு செய்து உள்ளே போனோம்.

அடுத்து விலாசம். இவர் கடையின் கதவு எண் 4/112-ஏ. பக்கம் முழுவதும் நிரப்பி, 'சமர்ப்பிக்க' என்ற பொத்தானை அழுத்தினால், மேலே சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் 'தவறான உள்ளீடு' என்று வருகிறது. இருபதுக்கு மேல் கட்டங்கள். எந்தக் கட்டத்தில் தவறு என்று சொல்லவில்லை. அத்தோடு அதுவரை நிரப்பியது அத்தனையும் அழிந்துபோயிற்று. திரும்ப நிரப்பினோம். பெயரில் இனிஷியலுக்குப் பின்னால் இருந்த புள்ளியை எடுத்தோம். மறுபடியும் அதே சிவப்பு எழுத்து. மூன்றாம் தடவை போன் நம்பரை மாற்றிப் பார்த்தோம். நான்காம் தடவை சலித்துப்போய்க் கதவு எண்ணில் இருந்த சாய்கோட்டை எடுத்துவிட்டு 4 112 ஏ என்று போட்டேன். ஏற்றுக்கொண்டது!

நம் ஊர்ப்பக்கம் சாய்கோடு இல்லாத கதவு எண் எத்தனை இருக்கிறது? அந்தப் படிவத்தைச் செய்தவர் ஒரே ஒரு நாள் எங்கள் பஜாரில் நடந்து பார்த்திருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது.

பிறகு போட்டோ. ஐம்பது கே.பி.க்குள் இருக்க வேண்டுமாம். "கே.பி.ன்னா என்ன அண்ணாச்சி? என்கிட்ட இருக்கிறது பாஸ்போர்ட் சைஸ்தான்" என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் எனக்கும் அதைக் குறைக்கத் தெரியாது. கணக்குப் பார்க்கும் பெண்தான் வந்து குறைத்துக் கொடுத்தது. கடைசியில் பணம் கட்டும்போது வங்கியில் பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தது. ஆக மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். இதற்கு முன்னால் மூன்று நடையில் அவர் பிரவுசிங் சென்டருக்குக் கொடுத்த பணம், அரசுக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தைப் போல் ஐந்து மடங்கு.

அவர் படிக்காதவர் அல்ல. பிளஸ் டூ வரை படித்தவர். போனில் பணம் வாங்குகிறார், பணம் அனுப்புகிறார். வாட்ஸ்அப்பில் எனக்கு ஆர்டர் போடுகிறார். அவருக்கு முடியாதது அந்த ஒரு பக்கம்தான் என்றால், குறை அவரிடமா, பக்கத்திடமா?

கடை அடுக்கும் விதம்

என் அப்பா கடையில் சரக்கு அடுக்குவதற்குச் சில கணக்குகள் வைத்திருந்தார். தினம் பத்துப் பேர் கேட்கும் சரக்கு தராசுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் இடத்தில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் போவது பரணில். உப்பு ஈரச்சுவர்ப் பக்கம் போகக் கூடாது. மண்ணெண்ணெயும் அரிசியும் ஒரே வரிசையில் வரக் கூடாது. ஒரே நாளில் மூன்று பேர் "சீரகம் எங்கே இருக்கு?" என்று கேட்டுவிட்டால், மறுநாள் காலை சீரக டின் இடம் மாறியிருக்கும். கேட்டவர்களைக் குருடர்கள் என்று அவர் சொன்னதில்லை.

இணையதளத்துக்கும் இப்படி ஒரு சாஸ்திரம் இருக்கிறது என்பதைப் பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பயன்படுத்துகிறவருக்கு எளிதாக இருக்கிறதா என்று சோதிப்பதே ஒரு தனித் தொழிலாம். அதில் பேர்போன ஜேக்கப் நீல்சன் என்பவர் 2000-ல் எழுதிய ஒரு கட்டுரையில், ஐந்தே பேரை உட்கார வைத்துப் பக்கத்தில் இருந்து கவனித்தால் ஒரு தளத்தின் பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்கிறார். உட்கார்ந்தவருக்கு எதையும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. அவர் எங்கே தயங்குகிறார், எங்கே தவறான இடத்தில் அழுத்துகிறார் என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். லட்சக்கணக்கில் செலவாகும் காரியம் இல்லை. ஐந்து கடைக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கும் செலவு.

இங்கிலாந்தில் தனித்தனியாக இருந்த அரசுத் தளங்களை 2012 அக்டோபரில் ஒரே தளத்துக்குள் கொண்டுவரத் தொடங்கினார்கள். பொதுமக்களுக்கு ஒன்று, வியாபாரிகளுக்கு ஒன்று என்று அதுவரை இருந்த இரண்டு பெரிய தளங்களை மூடிவிட்டார்கள். அதற்கு அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகளில் முதலாவது, பயன்படுத்துகிறவரின் தேவையிலிருந்து தொடங்கு என்பது. நான் லண்டன் போனவன் அல்லன். என் அப்பாவும் போனதில்லை. ஆனால் இந்த விதி அவருக்குத் தெரிந்திருந்தது.

பார்க்கப்படாத நோட்டீஸ்

லைசென்ஸ் தாமதமானால் அலைச்சலோடு போயிற்று. வரி விஷயத்தில் அப்படி இல்லை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய விற்பனை வரிக் காலத்தில், அதாவது 1959-ம் வருஷச் சட்டம் நடப்பில் இருந்தபோது, நோட்டீஸ் என்றால் அது ஒரு காகிதம். ஆபீஸிலிருந்து ஆள் கொண்டுவருவார், அல்லது ரிஜிஸ்டர் தபாலில் வரும். கையெழுத்துப் போட்டு வாங்குவோம். வாங்கிய அன்று சாப்பாடு இறங்காது என்பது வேறு விஷயம். ஆனால் நோட்டீஸ் வந்திருக்கிறது என்பது வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். 2007 ஜனவரியில் வாட் வரி வந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 169-வது பிரிவு, நோட்டீஸைச் சேர்ப்பிக்கப் பல வழிகளைச் சொல்கிறது. நேரில் கொடுக்கலாம், தபாலிலோ கூரியரிலோ அனுப்பலாம், ஈ-மெயில் அனுப்பலாம், பொது இணையதளத்தில் ஏற்றலாம், பத்திரிகையில் போடலாம், கடைசியாகக் கதவில் ஒட்டலாம். நடைமுறையில் இணையதளத்தில் ஏற்றுவதே பெரும் பழக்கமாகிவிட்டது. அதிகாரிக்கு அது சுலபம்.

அந்தத் தளத்தில் நோட்டீஸ் பார்ப்பதற்கு இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று 'நோட்டீஸ்களும் உத்தரவுகளும்'. இன்னொன்று 'கூடுதல் நோட்டீஸ்களும் உத்தரவுகளும்'. வியாபாரியோ அவருடைய கணக்கரோ முதலாவதைத் திறந்து பார்ப்பார். ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக மூடிவிடுவார். வரி, அபராதம் விதிப்பதற்கான நோட்டீஸ் அந்தக் 'கூடுதல்' பகுதியில் உட்கார்ந்திருக்கும். கூடுதல் என்று பெயர் போட்டால் அது முக்கியம் இல்லாதது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? முக்கியமானதைப் பரணில் வைத்துவிட்டு, வாடிக்கையாளர் பார்க்கவில்லை என்று சொன்ன கதை இது.

2017-18-ம் ஆண்டுக் கணக்குக்கு 73-வது பிரிவின்படி உத்தரவு போட 2023 டிசம்பர் 31 கடைசி நாளாக இருந்தது. அடுத்த ஆண்டுக் கணக்குக்கு 2024 ஏப்ரல் 30, அதற்கடுத்த ஆண்டுக்கு 2024 ஆகஸ்ட் 31. கெடு நெருங்க நெருங்க உத்தரவுகள் குவிந்தன. உத்தரவு வந்த பிறகு அப்பீல் செய்ய மூன்று மாதம், தகுந்த காரணம் காட்டினால் மேற்கொண்டு ஒரு மாதம். நோட்டீஸையே பார்க்காதவர் உத்தரவையும் பார்ப்பதில்லை. நான்கு மாதமும் ஓடிப்போன பிறகு, வங்கிக் கணக்கு முடக்கப்பட்டு, காசோலை திரும்பி வந்த அன்றுதான் தன் மேல் ஒரு வழக்கு இருந்ததே பலருக்குத் தெரிந்தது. அதற்கு மேல் உயர் நீதிமன்றத்துக்குப் போவதைத் தவிர வழி இல்லை.

அப்படிப் போனவர்கள் ஏராளம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதலே இத்தகைய மனுக்கள் வந்துகொண்டிருக்கின்றன. பல மனுக்களில், வியாபாரி நோட்டீஸைப் பார்க்கவில்லை என்பதை ஏற்று, கேட்கப்பட்ட வரியில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ கட்டச் சொல்லி, வழக்கைத் திரும்ப விசாரிக்க நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றத்திலும் இதே பிரச்சினை. 2024 ஜனவரி 16-க்குப் பிறகு தளம் மாற்றப்பட்டு அந்தக் 'கூடுதல்' பகுதி கண்ணில் படும்படி வைக்கப்பட்டது என்பதை அந்த நீதிமன்றத்தின் உத்தரவுகளே பதிவு செய்திருக்கின்றன. இணையதளத்தில் ஏற்றிய நோட்டீஸுக்குப் பதில் வரவில்லை என்றால், திரும்பத் திரும்ப அங்கேயே ஏற்றிக்கொண்டிராமல் ரிஜிஸ்டர் தபால் போன்ற வேறு வழியையும் அதிகாரி பார்க்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் சொல்லியிருக்கிறது.

ஒரு பொத்தானின் இடத்தை மாற்றியதுதான் 2024 ஜனவரியில் நடந்தது. டின்னை இடம் மாற்றும் வேலை. ஜி.எஸ்.டி. தொடங்கி ஆறரை ஆண்டுகள் கழித்து அது நடந்திருக்கிறது. இடையில் எத்தனை வியாபாரிகள் வக்கீல் பீஸ் கொடுத்தார்கள், எத்தனை பேர் கேட்ட வரியைப் பேசாமல் கட்டிவிட்டு ஒதுங்கினார்கள் என்று யார் கணக்கு எடுப்பது?

எல்லாக் குற்றத்தையும் தளத்தின் மேல் போடவும் என் மனம் ஒப்பவில்லை. இந்தச் செய்திகளைப் படித்த அன்று இரவே எங்கள் கணக்கைத் திறந்து பார்த்தேன். 'கூடுதல்' பகுதியில் ஒரு நோட்டீஸ் இருந்தது. ஒரு மாதத்தில் விற்பனை விவரப் படிவத்துக்கும் 3பி படிவத்துக்கும் ரூ.18,400 வித்தியாசம் ஏன் என்று கேட்டிருந்தார்கள். பார்த்தால், திரும்பி வந்த சரக்குக்குப் போட்ட கிரெடிட் நோட்டை ஒன்றில் காட்டி இன்னொன்றில் காட்டாமல் விட்டிருக்கிறோம். தவறு எங்கள் கடையில். முப்பது நாள் கெடு முடிய ஆறு நாள்தான் பாக்கி. பதில் போட்டோம், ஏற்றுக்கொண்டார்கள். ஆறு நாள் தாமதித்துத் திறந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

போன் யார் கையில்?

நோட்டீஸ் ஏறினால் ஈ-மெயிலும் எஸ்.எம்.எஸ்.ஸும் வருமே என்று கேட்பீர்கள். வரும். யாருக்கு வரும் என்பதுதான் கேள்வி. நம்மில் பாதிப் பேர் பதிவு எடுத்த காலத்தில் ஆடிட்டர் நம்பரையும் அவருடைய ஈ-மெயிலையும் கொடுத்தோம். அவருக்கு இருநூறு கட்சிக்காரர்கள். ஒரு நாளைக்கு வரும் செய்தியில் உங்களுடையது எது என்று அவர் தேட வேண்டும். சிலர் ஆடிட்டரையே மாற்றியிருப்பார்கள், நம்பரை மாற்றியிருக்க மாட்டார்கள். போன் நம்பரையும் ஈ-மெயிலையும் மாற்றுவதற்கு அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை. பதிவுத் திருத்தத்தில் போய், ஓ.டி.பி. போட்டு நாமே மாற்றிக்கொள்ளலாம். பழைய நம்பரும் பாஸ்வேர்டும் கைவசம் இல்லாதவர்கள் மட்டும் தங்கள் வட்ட வரி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும்.

இ-வே பில்லிலும் இந்தப் போன் சங்கடம் இருக்கிறது. 2018 பிப்ரவரி 1-ல் அதைத் தொடங்கிய அன்றே தளம் படுத்துவிட்டது, தள்ளிவைத்து ஏப்ரல் 1-ல் மறுபடி தொடங்கினார்கள் என்பது ஞாபகம் இருக்கும். அது பழங்கதை. இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் பாஸ்வேர்டோடு ஓ.டி.பி.யும் கட்டாயம். பாதுகாப்புக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் போன வைகாசியில் நான் ஒரு கல்யாண வீட்டில், போன் சத்தத்தை அணைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். கடை வாசலில் ஈரோட்டுக்குப் போக வேண்டிய லாரி முக்கால் மணி நேரம் நின்றது. டிரைவர் திட்டிய திட்டைக் கடைப் பையன்கள் என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. முதலாளி கணக்கின் கீழ் துணைப் பயனாளர் என்று ஆளுக்கொரு கணக்கு உண்டாக்கி, பில் போடுகிறவரின் சொந்த நம்பரையே கொடுக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வசதி முதலிலேயே இருந்திருக்கிறது. இருக்கிறது என்று கண்ணில் படும்படி யாரும் சொல்லவில்லை.

நல்லது செய்ததையும் சொல்ல வேண்டும். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் 3பி போட்டாக வேண்டும், போடாவிட்டால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். 2020 ஜூனில் இதற்கு எஸ்.எம்.எஸ். முறை கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்தில் 'நில்', பிறகு '3பி', பிறகு நமது ஜி.எஸ்.டி. எண், பிறகு மாதமும் வருஷமும் எழுதி 14409-க்கு அனுப்பினால், ஒரு குறியீட்டு எண் வரும். அதைத் திருப்பி அனுப்பி உறுதி செய்தால் ரிட்டர்ன் முடிந்தது. தளத்தைத் திறக்க வேண்டியதே இல்லை. சாதாரண பட்டன் போன் போதும். இதை யோசித்தவர் யாரோ, அவர் ஒரு சின்னக் கடைக்காரரை மனதில் வைத்து யோசித்திருக்கிறார்.

கடைசி நாள் நெரிசல் தீராத வியாதி. 2025 ஜனவரியில் விற்பனை விவரம் போட வேண்டிய 11-ம் தேதிக்கு முந்தைய இரண்டு நாளும் ஜி.எஸ்.டி. தளம் முடங்கியது. கெடுவை இரண்டு நாள் தள்ளி 13-ம் தேதி என்றார்கள். தள்ளியது நியாயம். அதற்குள் எத்தனை கணக்கர்கள் ராத்திரி இரண்டு மணி வரை கண்விழித்து, சுற்றிச் சுற்றி ஓடும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! கடைசி நாள் வரை ஏன் காத்திருக்கிறீர்கள் என்று கேட்பவர்கள், நமக்குச் சரக்கு கொடுத்தவர் பில் ஏற்றும் வரை நம் கணக்கு முடியாது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மொழி

ஜி.எஸ்.டி. தளத்தின் உள்ளே போனால் படிவங்கள் ஆங்கிலம். அதுவும் நாம் பேசும் ஆங்கிலம் இல்லை. சப்ளை, இன்வர்ட், அவுட்வர்ட், ரிவர்ஸ் சார்ஜ் என்று சட்டத்தின் ஆங்கிலம். நாற்பது வருஷமாகக் கொள்முதல், விற்பனை, பற்று, வரவு என்று கணக்கு எழுதுகிறவருக்குத் தன் கொள்முதலே அங்கே அடையாளம் தெரியவில்லை.

தமிழில் செய்ய முடியாத காரியமும் இல்லை. வருமான வரித் தளத்தில் மொழியை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது, அதில் தமிழும் உண்டு. (அந்தப் புதிய தளம் 2021 ஜூனில் திறந்தபோது பட்ட பாடும், ஆகஸ்டில் அதைச் செய்த கம்பெனியின் தலைவரை நிதி அமைச்சகம் கூப்பிட்டு விளக்கம் கேட்டதும் பத்திரிகைகளில் வந்தவையே.) நம் மாநிலப் பதிவுத்துறையின் தளத்தில் வில்லங்க விவரத்தைத் தமிழிலேயே, காசு கட்டாமல் பார்க்கலாம். முன்பெல்லாம் கடை வாங்குகிறோம் என்றால் வில்லங்கத்துக்கு மனுப்போட்டு, முத்திரை ஒட்டி, நாலு நடை நடக்க வேண்டும். இப்போது சர்வே எண் கையில் இருந்தால் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடுகிறேன்.

மத்திய அரசே தன் இணையதளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று 2009-ல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 2018-லும் 2023-லும் அவற்றைத் திருத்தியது. பார்வை குறைந்தவர்களும் மற்ற உடற்குறை உள்ளவர்களும்கூடப் பயன்படுத்தும்படி தளம் இருக்க வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும் வங்கிக்கான முகச் சரிபார்ப்பில் கண் சிமிட்ட முடியாமல் தவித்த வழக்கில், இத்தகைய இணைய சேவைகளை அணுகும் வசதி வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. அறுபது வயதுக்கு மேல் கண்ணாடி போட்டும் சின்ன எழுத்துத் தெரியாத நம்மைப் போன்றவர்களுக்கும் அந்தத் தீர்ப்பு துணை நிற்கும் என்று நம்புகிறேன்.

நாம் செய்யாதது

இத்தனையும் எழுதும்போது என்னை நானே ஒன்று கேட்டுக்கொண்டேன். இந்த எட்டு வருஷத்தில் நான் ஒரு புகாராவது எழுதிக் கொடுத்திருக்கிறேனா? இல்லை. கடையில் உட்கார்ந்து திட்டியிருக்கிறேன், கூட்டத்தில் கை தட்டியிருக்கிறேன். வரி விகிதம் கூடினால் கடையடைப்புச் செய்கிறோம். படிவம் புரியவில்லை என்பதற்கு ஆடிட்டருக்கு இன்னொரு ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். குறை யாருக்கும் தெரியாமலே போகிறது. தளத்தைச் செய்கிறவருக்கு, எல்லோரும் ரிட்டர்ன் போடுகிறார்கள், ஆகவே எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் தோன்றும்.

ஜி.எஸ்.டி. தளத்துக்குப் புகார் செய்யத் தனிப் பகுதி இருக்கிறது. புகார் பதிந்தால் ஒரு டிக்கெட் எண் தருவார்கள். தளம் முடங்கியதால்தான் தாமதம் என்று பின்னால் அதிகாரியிடமோ கோர்ட்டிலோ சொல்ல நேர்ந்தால், அந்த எண்தான் சாட்சி. "தளம் வேலை செய்யவில்லை" என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. எந்தப் படிவம், எந்தக் கட்டம், என்ன எழுதினோம், என்ன பதில் வந்தது, எந்தத் தேதி, எத்தனை மணி என்று எழுத வேண்டும். சரக்கு குறைந்திருக்கிறது என்று மில்லுக்கு எழுதும்போது மூட்டை எண்ணும் எடையும் போட்டு எழுதுகிறோமே, அதைப் போல.

நம் சங்கத்துக்கு என் யோசனை ஒன்று. புதிய படிவமோ புதிய தளமோ வரப்போகிறது என்றால், வெளியிடுவதற்கு முன் எங்கள் உறுப்பினர்களில் ஐந்து பேரை உட்கார வைத்துப் பாருங்கள் என்று மாநில வணிகவரித் துறைக்கும் உரிமம் தரும் துறைகளுக்கும் நாமே எழுதிக் கேட்கலாம். ஆள் நாம் அனுப்பலாம். கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிந்த இளவட்டங்களை அனுப்பக் கூடாது. சாத்தூர்க்காரரைப் போன்றவர்களை அனுப்ப வேண்டும். அவர் திணறும் இடம்தான் சரி செய்ய வேண்டிய இடம்.

வாசகர்கள் இந்த வாரமே செய்துகொள்ளக்கூடியது இது. ஜி.எஸ்.டி. தளத்தில் 'சர்வீசஸ்' என்ற தலைப்பின் கீழ் 'யூசர் சர்வீசஸ்' பகுதியைத் திறந்து, நோட்டீஸ் பகுதி, கூடுதல் நோட்டீஸ் பகுதி இரண்டையும் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். மாதம் இருமுறை, அமாவாசையும் பௌர்ணமியும் என்று நாள் வைத்துக்கொண்டால் மறக்காது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். அவர் நல்லவராகவே இருந்தாலும் வங்கிக் கணக்கு உங்களுடையது.

என் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். சரக்கு எடுக்க வரும் சில்லறை வியாபாரிகள், எந்த அரசுத் தளத்தில் எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்பதை அதில் எழுதிவிட்டுப் போகிறார்கள். முதல் பக்கத்தில் சாத்தூர்க்காரரின் கதவு எண் இருக்கிறது. அதற்குக் கீழே பெயரின் இனிஷியல் ஆதாரில் முன்னாலும் பான் கார்டில் பின்னாலும் இருப்பதால் ஏற மறுத்தது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இதுவரை ஏழு பக்கம் நிரம்பியிருக்கிறது. நோட்டு நிரம்பியதும் துறைவாரியாகப் பிரித்துச் சங்கத்தின் மூலம் அனுப்புவதாக எண்ணம். மற்ற ஊர் மொத்த வியாபாரிகளும் ஆளுக்கொரு நோட்டு வைத்தால் இன்னும் நல்லது. எங்கள் கடைக்கு வருகிறவர்கள், சிவப்பு எழுத்து வந்த பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள். தேதியும் நேரமும் படத்தில் தெரியட்டும்.